பார்க்கக் கிடைக்கிற வாழ்க்கைதான் மாதிரி

கேட்டவருக்கு 23 வயது, சென்னையில் வேலை, இரட்சிக்கப்பட்டு இரண்டு வருஷம். இதுவரை யூடியூபில் ஒரு பிரபல ஊழியரின் செய்திகளைக் கேட்டே வளர்ந்தவர். ஜெபிக்கிற விதம்கூட அவரைப் பார்த்து வந்ததுதான். இப்போது அந்த ஊழியரைப் பற்றிப் பணவிஷயமாகப் பேச்சு கிளம்பியிருக்கிறது. “மனுஷனைப் பார்க்காதே, இயேசுவை மட்டும் பார்” என்று வீட்டில் சொல்கிறார்கள். அப்படியானால் முன்மாதிரி என்று யாரையுமே வைத்துக்கொள்ளக் கூடாதா, வைத்துக்கொள்ளலாம் என்றால் எப்படித் தேர்ந்தெடுப்பது, அந்தச் சானலை விட்டுவிடவா என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

வீட்டில் சொன்னது வேதத்தில் இருப்பதுதான். எபிரெயர் 12:2 இயேசுவை நோக்கி ஓடச் சொல்கிறது. ஆனால் அதே நிருபத்தில் ஒரு பக்கம் புரட்டினால் 13:7 வருகிறது: “தேவவசனத்தை உங்களுக்குப் போதித்து உங்களை நடத்தினவர்களை நீங்கள் நினைத்து, அவர்களுடைய நடக்கையின் முடிவை நன்றாய்ச் சிந்தித்து, அவர்களுடைய விசுவாசத்தைப் பின்பற்றுங்கள்.” இரண்டையும் எழுதியது ஒரே கை. பவுல் இன்னும் துணிந்து, “நான் கிறிஸ்துவைப் பின்பற்றுகிறதுபோல, நீங்கள் என்னைப் பின்பற்றுகிறவர்களாயிருங்கள்” என்கிறார் (1 கொரிந்தியர் 11:1). கொரிந்து சபையில் யார் வீட்டிலும் அலமாரியில் புதிய ஏற்பாடு இல்லை. கோபம் வந்தால் ஒரு விசுவாசி என்ன செய்வான், கடன்காரன் வாசலில் வந்து நின்றால் என்ன பேசுவான், பிள்ளையைப் பறிகொடுத்தால் எப்படி அழுவான் என்பதையெல்லாம் இன்னொரு ஆளைப் பார்த்துத்தான் கற்றார்கள். நாமும் பெரும்பாலும் அப்படித்தான் கற்கிறோம், ஒத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். ஆகவே தாராளமாக வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு, ‘மாதிரி’ என்று நம் வேதத்தில் உள்ள சொல்லையே கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். பிலிப்பியர் 3:17இல் “மாதிரியாக நோக்குங்கள்” என்கிற இடத்தில் கிரேக்கத்தில் உள்ள சொல் ‘டூபொஸ்’. அழுத்தியதால் அல்லது அடித்ததால் பதிந்த தடம் என்று பொருள். யோவான் 20:25இல் தோமா, ஆணிகளினாலுண்டான காயத்தைக் கண்டாலொழிய நம்பமாட்டேன் என்கிறானே, அங்கே காயத்துக்கு நிற்பதும் இதே சொல்தான். தடம் பதிய வேண்டுமானால் ஒன்றின்மேல் ஒன்று படவேண்டும். தள்ளி நின்றால் பதியாது. யூடியூபில் பார்க்கிறவர் உங்களுக்குப் போதகராக இருக்கலாம், நல்ல போதகராகவே இருக்கலாம். ஆனால் அவர் உங்களுக்கு மாதிரி ஆக முடியாது, ஏனென்றால் அவருடைய வாழ்க்கை உங்கள் பார்வைக்கு வருவதில்லை. வருவது வாரம் நாற்பது நிமிஷம், எடிட் செய்த நாற்பது நிமிஷம். உங்களுக்கு நேர்ந்த சறுக்கல் கெட்ட ஆளைத் தேர்ந்தெடுத்தது என்று அதற்குள் முடிவுகட்ட வேண்டாம். அவர் நல்லவராகவே இருந்தாலும் இந்தத் தேர்வு தவறுதான்.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுவதைப் பாருங்கள் (2 தீமோத்தேயு 3:10-11). “நன்றாய் அறிந்திருக்கிறாய்” என்று அவர் அடுக்குகிற பட்டியலில் போதகம் முதலில் வருகிறது. பிறகு நடக்கை, நோக்கம், விசுவாசம், நீடிய சாந்தம், அன்பு, பொறுமை. கடைசியாக அந்தியோகியா, இக்கோனியா, லீஸ்திராவில் பட்ட பாடுகள். லீஸ்திரா தீமோத்தேயுவின் சொந்த ஊர்ப்பக்கம். அங்கேதான் பவுலைக் கல்லெறிந்து, செத்துவிட்டார் என்று ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள் (அப்போஸ்தலர் 14:19). அதாவது, அடி வாங்கிய ஊரையே சாட்சிக்கு அழைக்கிறார் பவுல். உங்கள் முன்மாதிரியைப் பற்றி உங்களால் இப்படி ஒரு பட்டியல் எழுத முடிகிறதா என்று பாருங்கள். போதகம் என்ற முதல் வரியோடு பேனா நின்றுவிட்டால் அவர் மாதிரி இல்லை, பேச்சாளர்.

1 தீமோத்தேயு 3:2-7ஐயும் ஒரு தரம் எண்ணிப் பார்க்கலாம். கண்காணிக்குரிய, அதாவது சபையை நடத்துகிறவருக்குரிய, தகுதிகள் பதினைந்துக்கு மேல் வருகின்றன. அவற்றில் மேடையில் தெரிகிற திறமை ஒன்றே ஒன்று: “போதகசமர்த்தன்”. மற்றவை வீட்டிலும் தெருவிலும் பணப்பெட்டிக்குப் பக்கத்திலும்தான் தெரியும். அந்நியரை உபசரிக்கிறவனா, அடிக்கிறவனா, சண்டைக்காரனா, பணஆசை உள்ளவனா, பிள்ளைகளை எப்படி வளர்க்கிறான், சபைக்கு வெளியே உள்ளவர்கள் என்ன சொல்கிறார்கள். ஆக, ஆள் தேட வேண்டிய இடமும் அதுதான்.

நடைமுறையில் பார்ப்போம். உங்கள் சபையிலேயே, கைக்கெட்டும் தூரத்தில், உங்களைவிட ஏழெட்டு வருஷமாவது முன்னால் நடக்கிற இரண்டு மூன்று பேரை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். ஆறு மாதம் கவனியுங்கள். ஏன் ஆறு மாதம் என்றால், முதல் இரண்டு மூன்று மாதம் புதிதாக வந்தவரிடம் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆறு மாதத்துக்குள் ஒரு பண்டிகை, ஒரு சாவு, ஒரு கமிட்டிச் சண்டை, ஒரு பணத்தட்டுப்பாடு எப்படியும் வந்துவிடும். ஆளின் நிறம் அப்போது தெரியும்.

எங்கே பார்ப்பது? சபையார் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு முந்தின ராத்திரி வெங்காயம் உரிக்கிற இடத்தில் பாருங்கள். யார் உட்கார்ந்து உரிக்கிறார், யார் மேற்பார்வை பார்த்துக்கொண்டே நிற்கிறார், மறுநாள் பந்தி முடிந்து அண்டா கழுவும்போது யார் இருக்கிறார், யாருக்கு அதற்குள் அவசர போன் வந்துவிடுகிறது. சேகரத் தேர்தல் (சபை நிர்வாகக் கமிட்டிக்கான தேர்தல்) நடக்கிற சபையாக இருந்தால் இன்னும் நல்லது: தேர்தலில் தோற்ற ஆள் அடுத்த ஞாயிறு எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்து, ஜெயித்தவர் வாசிக்கிற அறிவிப்பைக் கேட்டு, காணிக்கையும் போட்டுவிட்டுப் போகிறவரிடம் கற்க நிறைய இருக்கிறது. மூன்று மாதம் வேறு சபைக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறவர் பிரசங்கத்தில் புலியாக இருக்கலாம். அதற்கு அவரிடம் பிரசங்கம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விருந்தாளி முன்னால் மனைவியோடு எப்படிப் பேசுகிறார் என்பது இன்னொன்று. “இவளுக்கு ஒண்ணும் தெரியாது” என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள் நம் சபைகளில் நிறைய. அந்தச் சிரிப்பில் அந்தம்மா சேர்ந்துகொள்கிறாரா என்று பார்த்தால் போதும். வீட்டு வேலைக்கு வருகிறவருக்குத் தட்டு தனியா, ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாய்க்கு எவ்வளவு நேரம் வாதாடுகிறார், கீழ் வீட்டில் இருக்கிற இந்துக் குடும்பமோ முஸ்லிம் குடும்பமோ அவரைப் பற்றி என்ன சொல்கிறது, இவையும் அதே வரிசைதான்.

திருத்தினால் தாங்குகிறாரா என்று சோதிக்க ஒரு சின்ன வழி உண்டு. அவர் சொன்ன வசன எண் தப்பாக இருந்தால் (எல்லோருக்கும் எப்போதாவது தப்பும்) தனியாகப் போய், “அண்ணே, அது ரோமர் 8 இல்ல, 12ன்னு நினைக்கிறேன்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அந்த நிமிஷம் “நன்றி தம்பி” என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அடுத்த இரண்டு வாரம் உங்களிடம் எப்படிப் பழகுகிறார் என்பதே விடை.

பணம் தனியாகப் பேச வேண்டிய விஷயம். பவுல் எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆளைக் கூட அழைத்துக்கொண்டார். காரணத்தையும் எழுதி வைத்தார்: ஒருவரும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு, கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம் (2 கொரிந்தியர் 8:20-21). “கர்த்தருக்குத் தெரியும்” என்று கணக்குக் கேட்பவர் வாயை அடைக்கிறவருக்கு இந்த இரண்டு வசனம் போதும். தஞ்சாவூரில் ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனெரி ஷ்வார்ட்ஸ் ஐயரை மதராஸ் அரசாங்கம் 1779இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஹைதர் அலியிடம் தூதாக அனுப்பியது. திரும்பும்போது வழிச்செலவுக்கென்று ஹைதர் 300 ரூபாய் கொடுத்தார். மறுக்க முடியாத இடம். ஷ்வார்ட்ஸ் அதை அப்படியே அரசாங்கத்திடம் கொடுத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அது தஞ்சாவூரில் அனாதைப் பிள்ளைகள் பள்ளிக்கு முதல் பணமாகப் போனது. 1798இல் அவர் இறந்தபோது பளிங்குச் சிலை செய்வித்து நினைவுச்சின்னம் வைத்தவர் சரபோஜி மன்னர். கடைசிவரை கிறிஸ்தவராகாதவர். “புறம்பானவர்களால் நற்சாட்சி” என்று 1 தீமோத்தேயு 3:7 சொல்வது கல்லிலேயே நிற்கிறது, தஞ்சைக்குப் போனால் பார்க்கலாம்.

அடுத்ததில்தான் பெரும்பாலோர் இடறுகிறார்கள். ஒரே ஆளை முழுசாக எடுத்துக்கொள்கிறார்கள். அவருடைய ஜெபம் பிடித்தது என்பதற்காக அவருடைய அரசியல், அவர் மனைவியை நடத்துகிற விதம், மருந்து சாப்பிடலாமா என்பதில் அவர் கருத்து, குரலை இழுக்கிற இழுப்பு வரை எல்லாம் ஒரே மூட்டையாக வீட்டுக்கு வந்துவிடுகிறது. கடையில் காய்கறி வாங்குகிற மாதிரி தனித்தனியாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். ஜெபத்துக்கு ஒருவர், பணத்துக்கு ஒருவர், குடும்பத்துக்கு ஒருவர், வேலையிடத்து நேர்மைக்கு ஒருவர். மூன்றிலிருந்து ஐந்து பேர் போதும். அதற்குமேல் போனால் யாரையும் ஒழுங்காகப் பார்க்க மாட்டீர்கள். வேலையிடத்துக்கென்று வைப்பவர் உங்கள் தொழிலிலேயே இருந்தால் நல்லது. ஐ.டி. கம்பெனியில் பொய் டைம்ஷீட் போடச் சொல்லி மேனேஜர் நெருக்கும்போது என்ன செய்வது என்று முழுநேர ஊழியருக்கு அனுபவம் இராது. ஒன்று மட்டும் கவனம்: உங்களுக்குச் சம்பளம் போடுகிறவரையோ, உங்கள் கல்யாணத்துக்கு வரன் பார்க்கிறவரையோ முன்மாதிரி வரிசையில் வைக்காதீர்கள். அங்கே உங்களால் நேராகப் பார்க்க முடியாது.

ஏன் பொறுக்கி எடுக்க வேண்டும் என்பதற்கு நம் ஊர்ச் சான்று வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). இன்றும் தமிழ்ச் சபைகளில் அவர் பாட்டு இல்லாமல் பண்டிகை நடக்காது. தமிழில் தேவனைப் பாடுவது எப்படி என்பதற்கு அவரைவிட நல்ல மாதிரி தேடுவது கஷ்டம். அதே சாஸ்திரியார்தான், தஞ்சாவூர்ச் சபையில் சாதி வழக்கங்களை நீக்கப் புதிய மிஷனரிகள் முயன்றபோது அதை எதிர்த்து எழுதினார். 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று உத்தரவு போட்டதும் பலர் சபையை விட்டே பிரிந்தார்கள். பாட்டு அவருடையது என்பதால் பந்தியும் அவர் சொன்னபடி இருக்கலாம் என்று ஒரு தலைமுறை நினைத்திருந்தால் அதற்கு யார் பொறுப்பு?

இதே பந்தி வேதத்திலும் வருகிறது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவரோடு, உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும் விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதரும் விலகினார்கள். “அவர்களுடைய மாயத்தினாலே பர்னபாவும் இழுப்புண்டான்” (கலாத்தியர் 2:13). பேதுரு ஒரு வார்த்தையும் போதிக்கவில்லை, நாற்காலியை மட்டும் மாற்றிப் போட்டார். மாதிரியின் வலு எவ்வளவு, ஆபத்து எவ்வளவு என்பதற்கு இதைவிடச் சின்னக் கதை கிடையாது. பவுல் எல்லோருக்கும் முன்பாக எதிர்த்து நின்றார். அதற்காகப் பேதுருவை மாதிரி வரிசையிலிருந்தே தூக்கிவிடவில்லை; அந்தப் பந்தியில் மட்டும் பின்பற்றாதே என்றார். உங்கள் வரிசையில் இருப்பவர் சாதி பார்க்கிற விஷயத்தை நேராகவே சோதித்துவிடுங்கள். அவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளும் அவர் யார் வீட்டில் சாப்பிடுவார் என்பதும் போதும்.

உயிரோடு இருப்பவர்களோடு இறந்தவர் ஒருவரையும் சேர்த்துக்கொள்வது நல்லது. “நடக்கையின் முடிவை” என்று எபிரெயர் சொல்கிறதே, முடிவு தெரிந்தவர்கள் அவர்கள்தான். மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்து, 1951இல் டோனாவூரில் இறக்கும்வரை ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. 1931இல் விழுந்து அடிபட்ட பிறகு கிட்டத்தட்ட இருபது வருஷம் அறைக்குள்ளேயே. கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி, அதில் ‘அம்மா’ என்ற ஒரு சொல். ஓடியாடிய வருஷங்களைவிட, படுக்கையில் கிடந்த வருஷங்களில் என்ன செய்தார் என்று வாசித்துப் பாருங்கள். வியாதியில் கிடக்கிற விசுவாசிக்கு நம் பிரசங்கங்கள் கொடுக்காத ஒன்று அங்கே கிடைக்கும்.

பாளையங்கோட்டை கிளாரிந்தா இன்னொரு விதம். உடன்கட்டையிலிருந்து தப்பிய தஞ்சாவூர் பிராமண விதவை, தன்னைக் காப்பாற்றிய ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்துவந்தார் என்பதால் ஷ்வார்ட்ஸ் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பின்பு, 1778இல்தான் கொடுத்தார். 1785இல் அந்த அம்மாள் எழுப்பிய ஆலயத்தைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று ஊர் இன்றும் சொல்கிறது. பழைய வாழ்க்கை சுத்தமாக இருந்தவர்தான் மாதிரியாக முடியும் என்று நினைத்திருந்தால் திருநெல்வேலித் திருச்சபைக்குத் தொடக்கப் பக்கமே இராது.

பின்பற்றுவது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அசரியாவை எடுத்துக்கொள்ளலாம். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெள்ளைக்காரர் பணத்தை எதிர்பாராமல் தாங்களே மிஷனெரி அனுப்புவதைப் பார்த்தார். திரும்பி வந்து அடுத்த வருஷமே, 1903இல், திருநெல்வேலியில் இந்திய மிஷனெரிச் சங்கம் உருவாக முன்நின்றார். சங்கம் இன்றைய தெலங்கானாவில் உள்ள தோர்னக்கல் பக்கம் ஆளனுப்பியது. பின்னால் அவரே அங்கே போனார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். யாழ்ப்பாணத்தாரின் கூட்டம் நடத்துகிற பாணியை அவர் இறக்குமதி செய்யவில்லை. அவர்களுடைய விசுவாசத்தைப் பார்த்தார், தன் ஊர்க் கைக்கேற்றபடி செய்தார்.

வாழ்க்கை வரலாறு வாசிக்கும்போது மூன்று கேள்வி போதும்: எழுதினவர் யார், மனைவி பிள்ளைகள் எந்தப் பக்கத்தில் காணாமல் போகிறார்கள், அவரோடு வேலை செய்தவர்கள் என்ன சொன்னார்கள். வில்லியம் கேரியின் மொழிபெயர்ப்பு உழைப்பைச் சொல்கிற புத்தகங்களில் சில, அவர் மனைவி டாரதி அம்மாளை ஒரே வரியில் தாண்டிவிடும். 1794இல் ஐந்து வயது மகனைப் பறிகொடுத்த பிறகு மனம் பேதலித்து, 1807இல் இறக்கும்வரை அந்தப் பெண் பட்டது, கேரியின் கதையில் பாதி. விடாப்பிடியாக உட்கார்ந்து வேலை செய்வதைக் கேரியிடம் கற்கலாம். குடும்பத்தை எங்கே கூட்டிப்போகிறோம் என்று கேட்பதை வேறொருவரிடம் கற்க வேண்டும்.

உயிரோடு இருப்பவரிடம் எப்படிப் போவது? “என்னை வழிநடத்துங்கள்” என்று போய் நிற்காதீர்கள். கேட்பவருக்கும் பயம், கேட்கப்பட்டவருக்கும் பயம். ஒரே ஒரு விஷயம் கேளுங்கள்: “அண்ணே, சம்பளம் வந்ததும் நீங்க எப்படிப் பிரிச்சு வைக்கிறீங்கன்னு ஒரு நாள் சொல்லித் தர்றீங்களா?” அல்லது, “அக்கா, உங்க வீட்டுக் குடும்ப ஜெபத்துல ஒரு வாரம் உட்காரலாமா?” அது நன்றாகப் போனால் மாதம் ஒரு தடவை, ஒரு மணி நேரம், ஆறு மாதம் என்று அளவு சொல்லிக் கேளுங்கள். அளவு இல்லாமல் தொடங்கும் பழக்கம் மூன்றாவது மாதம் சத்தமில்லாமல் நின்று, இரண்டு பேருக்கும் குற்ற உணர்ச்சி மிஞ்சும். ஆண்கள் ஆண்களிடமும் பெண்கள் பெண்களிடமும் போவது நல்லது. தீத்து 2:3-5 முதிர்ந்த ஸ்திரீகள் இளைய ஸ்திரீகளுக்குக் கற்பிக்கச் சொல்வது வெறும் கட்டுப்பாடு இல்லை, பாதுகாப்பும்கூட. தீமோத்தேயுவின் விசுவாசத்துக்கு வேர் எது என்று பவுல் சொல்லும்போது பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் என்ற இரண்டு பெண்களின் பெயரைத்தான் சொல்கிறார். உங்கள் வீட்டிலேயே அப்படி ஒருவர் இருக்கக்கூடும். பக்கத்தில் இருப்பதாலேயே கண்ணில் படாமல் இருப்பார்.

பின்பற்றத் தொடங்கியதும் வருகிற வழக்கமான கோளாறு, வெளிச்செயலை மட்டும் எடுத்துக்கொள்வது. ஒருவர் காலை 4 மணிக்கு எழுந்து இரண்டு மணி நேரம் ஜெபிக்கிறார். நீங்கள் ராத்திரி ஷிப்ட் முடித்து 1 மணிக்கு அறைக்கு வருகிறீர்கள். அவரைப்போல 4 மணிக்கு அலாரம் வைத்தால் ஒன்பது நாள் ஓடும், பத்தாம் நாள் தூங்கிவிடுவீர்கள், அதன்பிறகு இரண்டு மாதம் ஜெபமே இருக்காது. அவரிடம் எடுக்க வேண்டியது 4 மணியை இல்லை. அன்றைய நாளில் தூக்கம் கெடாத, போன் வராத நேரம் எதுவோ அதை ஆண்டவருக்கு முதலில் ஒதுக்கிவிடுகிறார் பாருங்கள், அதை. உங்களுக்கு அது பகல் 11 மணிக்கு இருபது நிமிஷமாக இருக்கலாம். உபவாசமும் அப்படித்தான். சர்க்கரை வியாதிக்காரர் 21 நாள் உபவாசம் எடுத்து மயங்கி விழுவது விசுவாசத்தைப் பின்பற்றுவது ஆகாது. மருந்து சாப்பிடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாத காரியம் அது. ஒரு மாதத்துக்கு ஒரு குணம், அதற்கு ஒரு சின்னச் செயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். உபசரிப்பு என்றால், மெஸ்ஸில் சாப்பிடுகிற யாராவது ஒருவரை மாதம் இரண்டு தடவை அறைக்குக் கூப்பிட்டு ரசம் சாதமாவது போடுவது. முடிந்ததா இல்லையா என்று காலண்டரில் குறித்தால் போதும்.

இன்னொரு கோளாறு யோவாஸ். ஏழு வயதில் ராஜாவானவன். ஆசாரியனாகிய யோய்தா உயிரோடிருந்த நாளெல்லாம் செம்மையாக நடந்தான், ஆலயத்தைப் பழுதுபார்த்தான். யோய்தா செத்ததும் பிரபுக்கள் வந்து வணங்கினார்கள், ராஜா அவர்களுக்குச் செவிகொடுத்தான். கடைசியில் யோய்தாவின் மகனையே கல்லெறிந்து கொன்றான் (2 நாளாகமம் 24). தோள்மேல் ஏறி உட்கார்ந்திருந்தானே தவிர, நடக்கக் கற்கவில்லை. ஒவ்வொரு முடிவுக்கும் “அண்ணன் என்ன சொல்வார்” என்று போன் எடுக்கிறீர்கள் என்றால் நீங்களும் அதே தோளில்தான் இருக்கிறீர்கள். முதலில் நீங்களே வேதத்தோடு உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வாருங்கள், பிறகு அவரிடம் அது சரியா என்று கேளுங்கள். நல்ல மாதிரி இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார். சந்தோஷப்படாதவரிடமிருந்து மெல்ல விலகுங்கள்.

உடனே விலக வேண்டிய இடங்களும் உண்டு. நம் பேச்சு வெளியே போகக்கூடாது என்கிறவர், போன் பாஸ்வேர்டு கேட்கிறவர், சபைமாற்றம், கல்யாணம், சம்பளம் எல்லாவற்றிலும் தன் அனுமதி வேண்டும் என்கிறவர், கேள்வி கேட்டால் “அபிஷேகம்பண்ணப்பட்டவனைத் தொடாதே” என்கிறவர். சங்கீதம் 105:15 நாடோடிகளாகத் திரிந்த முற்பிதாக்களுக்கு ராஜாக்கள் தீங்கு செய்யாதபடி தேவன் காத்ததைச் சொல்கிறது. கணக்குக் கேட்பவர் வாயை அடைக்க எழுதியது இல்லை. தாவீதும் அபிஷேகம்பண்ணப்பட்டவன்தான், தீர்க்கதரிசி நாத்தான் அவன் பாவத்தை முகத்துக்கு நேராகச் சொன்னான். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகத் தெரிந்தால் சபைக்குள் பேசி முடிப்பது குற்றம். போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும்; 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் அழைக்கலாம்.

விழுந்தவர் விஷயத்துக்கு வருவோம். மதராஸில் 1946இல் பிறந்து உலகம் முழுக்கக் கிறிஸ்தவ விசுவாசத்துக்காக வாதாடிய ரவி சக்கரியாஸ் 2020 மே மாதம் இறந்தபோது பெருந்தலைவர்கள் புகழ்ந்தார்கள். 2021 பிப்ரவரியில், அவருடைய ஊழிய நிறுவனமே நியமித்த வழக்கறிஞர் நிறுவனத்தின் அறிக்கை, பல பெண்களிடம் அவர் பாலியல் அத்துமீறல் செய்ததை உறுதிப்படுத்தியது. அதற்கு முன்பே, 2017இல், புகார் ஒன்று வெளியே வந்திருந்தது. நிறுவனம் அவர் சொன்னதையே எடுத்துக்கொண்டது. நிர்வாகக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதே வெளியில் தெரியாது. பின்னால் தலைமைப் பொறுப்புக்கு வந்தவரும் அவருடைய மகள்தான். படிப்புத் தகுதிகளை மிகைப்படுத்திச் சொன்னதும் முன்பே பிடிபட்டிருந்தது. அதாவது, பெரிய விழுகைக்கு முன் சின்ன அடையாளங்கள் எட்டிய தூரத்தில்தான் இருந்தன: கேள்வி கேட்கக்கூடிய ஆள் பக்கத்தில் இல்லை, கேட்டவரை நம்பவில்லை. உங்கள் ஊழியரைப் பற்றிய செய்தி உண்மையா பொய்யா என்று என்னால் சொல்ல முடியாது. இந்த இரண்டையும் நீங்களே பார்க்கலாம்.

சானலை விடவா என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். அவருக்கு மாதாமாதம் அனுப்புகிற காணிக்கையை நிறுத்தி வையுங்கள். அது தீர்ப்பு ஆகாது, காத்திருப்பு. அந்த ஊழியம் டிரஸ்டா, சங்கமா என்று கேட்டு, ஆடிட் செய்த வரவுசெலவை மெயிலில் கேளுங்கள். சங்கமாகப் பதிவாகியிருந்தால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி வருஷாவருஷம் பதிவாளரிடம் கணக்குத் தாக்கல் செய்திருக்க வேண்டும். பதில் வந்தால் வாசியுங்கள். ஒரு மாதம் கழித்தும் “உங்களுக்காக ஜெபிக்கிறோம்” என்று மட்டும் வந்தால் அதுவும் பதில்தான். அதுவரை வாட்ஸாப்பில் வருகிற எதையும், அவருக்கு ஆதரவாக இருந்தாலும் எதிராக இருந்தாலும், முன்னனுப்ப வேண்டாம். அவரிடம் கற்ற ஜெபமுறையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மத்தேயு 6ஐயும் சங்கீதங்களையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள், ஒத்துவருவது உங்களுடையது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவருடைய அடுத்த வீடியோவுக்காக இயர்போனைத் தேடாமல் பத்து நிமிஷம் ஆலயத்திலேயே நில்லுங்கள். பாய் சுருட்டுகிறவர், மைக் ஒயரைச் சுற்றுகிறவர், வயதான அம்மாவைப் படி இறக்கிவிடுகிறவர் யார் யார் என்று பெயர் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதக் கணக்கை அங்கிருந்து தொடங்கலாம்.